கயிறு பிடிக்கும் கைக்கு ஒரு மாத்திரை

போன வாரம் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது, பயிற்சி டாக்டர்களான உங்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், பீட்டா பிளாக்கர் எழுதும்போது எதுக்கு ரொம்பப் பயப்படணும்?"

ஓய்வு பெற்ற பிறகும் பழைய ஆஸ்பத்திரிக்கு வந்து, உங்கள் கேன்டீன் டீயைத் திட்டிக்கொண்டே இரண்டாவது கிளாஸும் வாங்கிக் குடிக்கிற எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. மூச்சிரைப்பு உள்ளவரா என்று பார், நாடி ஏற்கெனவே மெதுவாக ஓடுகிறதா என்று பார், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவராக இருந்தால் சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பை இந்த மாத்திரை மறைத்துவிடும் என்று சொல்லி அனுப்பு, என்று டீச்சர் மாதிரி ஒப்பித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். வீட்டுக்குப் போனதும் மனசு கேட்கவில்லை. இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறதே, இதைச் சொல்லவா நான் இத்தனை வருஷம் இந்த ஊரில் நாடி பிடித்தேன்?

உண்மையில் நான் அதிகம் பயந்தது, "மாத்திரய ஒழுங்கா போடுதேன், சுகமா இருக்கேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்கிற நோயாளிகளைப் பார்த்துத்தான். அப்படிச் சொன்ன ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். திரேஸ்புரம் கடற்கரையில் விசாரித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

சூசை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்தைத் தாண்டிய மனிதர். அவரை என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தவள் அவர் தங்கை செல்வமேரி. இழுத்துக்கொண்டு என்று சும்மா சொல்லவில்லை. சட்டைக் கையைப் பிடித்தபடியே உள்ளே வந்தாள். கருவாடு காயப்போட்டு விற்பவள், குரலும் அதற்கேற்ற குரல்.

"டாக்டரம்மா, இவியளுக்கு நெஞ்சுக்குள்ள கோழி படபடன்னு அடிக்க மாரி இருக்காம். ஒரு மாசமாச் சொல்லாம வச்சிருக்காவ."

"கோழி இல்லளா, புறா," என்றார் சூசை.

புறாவோ கோழியோ, ஈசிஜியில் விஷயம் தெரிந்தது. இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கிற கோளாறு. வரும், கொஞ்ச நேரம் ஆட்டி வைக்கும், போகும். மற்றப் பரிசோதனைகள் எல்லாம் நன்றாக இருந்தன. மூச்சிரைப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது. துடிப்பைக் கட்டுக்குள் வைக்கப் பீட்டா பிளாக்கர் எழுதினேன். எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்: சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. அணை கட்டின மாதிரி இந்த மாத்திரை துடிப்பைத் தடுத்து வைத்திருக்கும். திடீரென்று எடுத்துவிட்டால் முன்பைவிட மோசமாகப் பாயும். நிறுத்த வேண்டுமென்றால் நான்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவேன்.

"அவிய எங்க நிறுத்துறது? காலைல கட்டஞ்சாயாவோட நானே கையில எடுத்துக் குடுக்கேன்," என்றாள் செல்வமேரி. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே முற்றம்.

சூசைக்கு என்ன வேலை என்று கேட்டேன். "கயிறு பிடிக்கேன்," என்றார்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். முத்துக்குளிப்பு நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனால் சங்கு குளிப்பு இருக்கிறது. கடலுக்கடியில் ஒருவன் இறங்குவான். மேலே வள்ளத்தில் ஒருவர் அவனுடைய கயிற்றைப் பிடித்திருப்பார். இப்போது கம்ப்ரசரிலிருந்து காற்றுக் குழாய் போகிறது என்றாலும் கயிறு போகவில்லை. கீழே இருக்கிறவன் சொல்ல வேண்டியதை அந்தக் கயிற்றை இழுத்துத்தான் சொல்வான். முத்துக்குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்னவென்றால், கயிறு பிடிக்கிறவர் இறங்குகிறவனின் மனைவியோடு கூடப்பிறந்தவராக இருக்க வேண்டும். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் கையைத் தளரவிட மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் சொத்தில் பங்கு என்று ஒரு யோசனை ஓடலாமாம். மச்சானுக்கு அது கிடையாது. நான் உடன்குடிப் பக்கத்துக் கடைக்காரர் மகள். எங்கள் பக்கத்தில் மச்சானிடம் கல்லாப்பெட்டிச் சாவியைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். இங்கே உயிரையே கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சூசை கயிறு பிடித்தது தங்கை புருஷன் மரியானுக்கு. சூசைக்குக் கூடப்பிறந்த ஆண் வேறு யாரும் இல்லை. செல்வமேரிக்கும் அண்ணன் என்று இருப்பது இவர் ஒருவர்தான்.

அடுத்தடுத்து வந்தபோது நாடி நன்றாக அடங்கியிருந்தது. புறா பறந்துவிட்டது என்று அவரே சொன்னார். நாடி பிடிக்கையில் விரல்கள் சில்லென்று இருந்தன. இந்த மாத்திரையில் அது சகஜம் என்று உங்களுக்குத் தெரியும். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "கை கொஞ்சம் குளுந்துதான் இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ரொம்பத் தொந்தரவா இருந்தா சொல்லுங்க, வேற பாப்போம்," என்றேன். "சேச்சே, சுகமா இருக்கேன்," என்றார். அந்தச் சிரிப்பும் வந்தது.

கச்சான் என்கிற மேல்காற்று ஓய்ந்து கடல் தெளிந்த சமயம். பகல் வெயிலில் கேஷுவாலிட்டியிலிருந்து போன் வந்தது. அன்று டூட்டியில் இருந்த டாக்டர் அப்போதுதான் சேர்ந்திருந்த பிள்ளை. இன்றைக்கு உங்கள் எல்லாருக்கும் சீனியர், உங்களை விரட்டுகிறவர். இதைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவார். வரட்டும்.

நான் போனபோது சூசை கட்டிலில் கிடந்தார். வியர்த்து ஊற்றியது. மானிட்டரில் துடிப்பு தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மரியான், நீச்சல் கால்சட்டையோடு, உடம்பெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்ட நின்றான். தரையெல்லாம் ஈரம். நர்ஸ் அவனைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிச் சொல்லிச் சலித்துப் போயிருந்தாள். நடந்ததை அவன்தான் சொன்னான். அவன் கீழே இருந்திருக்கிறான். மேலேறி வா என்று கயிறு இழுத்திருக்கிறது. ஆழம் அதிகமில்லை. என்ஜின் கோளாறோ என்று ஏறி வந்து பார்த்தால், மச்சான் வள்ளத்தின் ஓரத்தில் சாய்ந்து கிடக்கிறார். முகம் வெளிறிப்போயிருக்கிறது. கயிறு மட்டும் இரண்டு கையிலும் இறுக்கிச் சுற்றியிருக்கிறது. வள்ளம் ஓட்டுகிறவர் வந்து அவிழ்க்க வேண்டியதாகிவிட்டது என்றான்.

டூட்டி டாக்டர் கையில் சிரிஞ்சு தயாராக இருந்தது. துடிப்பை இறக்குகிற வேறொரு மருந்து, கால்சியத்தைத் தடுக்கிற வகையைச் சேர்ந்தது. நல்ல மருந்துதான். ஆனால் பீட்டா பிளாக்கர் உடம்பில் நிறைய இருக்கும்போது அதையும் நரம்பில் ஏற்றினால், இரண்டும் சேர்ந்து இதயத்தை ஒரேயடியாக அமுக்கிவிடலாம். ஓடுகிற குதிரையை நிறுத்தப்போய்ப் படுக்கவைத்த கதையாகிவிடும். மாத்திரையை விட்டதனால்தான் இந்தப் பாய்ச்சல் என்றால், விட்ட மாத்திரையைத் திரும்பக் கொடுப்பதுதான் வைத்தியம். ஆக எல்லாம் ஒரே கேள்வியில் நின்றது. மாத்திரை சாப்பிட்டாரா, இல்லையா?

அதை அந்தப் பிள்ளை கேட்காமலும் இல்லை.

"கேட்டுட்டேன் மேடம். இன்னைக்குக் காலைலயும் போட்டிருக்கார். தங்கச்சியே குடுத்தாங்களாம்."

வாசலில் செல்வமேரி அழுதுகொண்டே, "நாந்தான் குடுத்தேன் டாக்டரம்மா, வாயில போட்டத இந்தக் கண்ணால பாத்தேன்," என்றாள். கட்டிலில் இருந்த சூசையும் மரியானைப் பார்த்துவிட்டு, "போட்டேன்," என்றார். மரியான், "எங்க மச்சான் பொய் சொல்ல மாட்டாவ," என்றான். மூன்று பேரும் ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். மானிட்டர் கத்துகிறது, சுற்றி நிற்பவர்கள் அழுகிறார்கள், நம் கையில் மருந்து இருக்கிறது. ஏதாவது செய் என்று உடம்பே நம்மைத் தள்ளும். அந்த நேரத்தில் நான் இரண்டு காரியம் பார்ப்பேன். பிரஷர் நிற்கிறதா? ஆள் தெளிவாகப் பேசுகிறாரா? சூசைக்கு இரண்டும் இருந்தது. பிரஷர் விழுந்திருந்தால், மயங்கியிருந்தால், கேள்வியும் கிடையாது பேச்சும் கிடையாது, மின்சார ஷாக்குதான். அந்த இயந்திரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கச் சொன்னேன். துடிப்பு எவ்வளவு வேகமாக ஓடினாலும், பிரஷர் நின்று ஆள் பேசுகிறவரைக்கும் நமக்குக் கேள்வி கேட்க நேரம் இருக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

"சிரிஞ்சைக் கீழ வை," என்றேன். அந்தப் பிள்ளை வைத்தார், ஆனால் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. கிழவிக்குக் கை நடுங்குகிறது என்று நினைத்திருப்பார்.

எனக்கு உறுத்தியது என்னவென்றால், ஒழுங்காக மாத்திரை போடுகிற மனிதருக்கு, அத்தனை மாதம் அடங்கியிருந்த துடிப்பு, காய்ச்சல் இல்லை கீய்ச்சல் இல்லை, ஏன் இப்படிப் பாய வேண்டும்? அவரோ பதிலை எனக்குச் சொல்லவில்லை, மரியானைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என் பழைய சீஃப் ஒருவர் இருந்தார், நாக்கில் சனி, மனசு தங்கம். அவர் சொல்வார்: "மாத்திரை சாப்பிட்டியான்னு கேட்டா ஊரே சாப்பிட்டேன்னுதான் சொல்லும். யாரு முன்னால வச்சுக் கேக்கன்னு பாரு."

கட்டிலைச் சுற்றிப் பார்த்தேன். யார் உயிரைப் பிடித்திருக்கிறாரோ அவன் ஒரு பக்கம். யார் தாலிக்காகப் பிடித்திருக்கிறாரோ அவள் வாசல் பக்கம். இந்த இரண்டு பேர் முன்னால் எந்த மனிதன் உண்மையைச் சொல்வான்?

மரியானை அதட்டினேன். "ஏலே, நீ சொட்டச் சொட்ட நின்னா ஒனக்கும் ஒரு கட்டில் போடணும். ஓடிப்போயி வீட்லயிருந்து மாத்திர அட்டைய எடுத்துட்டு வா." செல்வமேரியிடம், "ஏளா, ஒங்க அண்ணனுக்கு மாத்துத் துணி ஒண்ணு வாங்கிட்டு வா," என்றேன். திரையை இழுத்துவிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். கயிறு சுற்றியிருந்த தடம் சிவந்து கிடந்தது. மாத்திரை போட்டீரா என்று நான் கேட்கவில்லை.

"சூசை, எந்த நாள்ல ஒங்க கை குளுராம இருக்கும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோரம் தண்ணீர் வந்தது.

"கடலுக்குப் போற அன்னைக்கு, டாக்டரம்மா."

"அன்னைக்கு மட்டும் மாத்திரை கெடையாது."

"மேரி குடுப்பா. நாக்குக்கு அடில வச்சிக்கிட்டு கடப்புறம் போயித் துப்பிருவேன். மொதல்ல கடலுக்குப் போற அன்னைக்கு மட்டுந்தான். இப்ப கடல் தெளிஞ்ச பெறவு தெனமும் போறோம்லா. ஒரு வாரமா ஒண்ணும் போடல."

"எதுக்கு?"

"வெரலு மரத்துப் போவுது. கயிறு கீழயிருந்து பேசும் டாக்டரம்மா. சும்மா ஒரு சின்ன இழுப்புதான், அதுல அவன் எல்லாஞ் சொல்லுவான். வெரலு மரத்துட்டுன்னா நான் செவிடன்லா."

கை குளிர்வது எனக்கு ஒரு சாதாரணப் பக்கவிளைவு. ஆபீஸ் வேலை பார்ப்பவராக இருந்தால் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போயிருப்பார். சூசைக்கு அந்த விரல்நுனியில்தான் மரியானின் உயிர் இருந்தது. தன் நெஞ்சு வேண்டுமா, தங்கை புருஷன் வேண்டுமா என்று தனக்குள்ளேயே ஒரு வழக்கு நடத்தி, தனக்கு எதிராகவே தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முட்டாள்தனம்தான். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், திட்டு வரவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் டூட்டி டாக்டர் அந்தச் சிரிஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டார். விட்டுப்போன மருந்தையே நரம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, பிரஷரைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். துடிப்பு இறங்க ஆரம்பித்தது. அந்தப் பிள்ளை மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. துடிப்பு நூறுக்குக் கீழே வந்ததும், "மேடம், டீ சொல்லவா?" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற விதம் அது.

வைத்தியத்தில் பாதிதான் முடிந்திருந்தது. சூசை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மாப்ளக்கித் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அவன் நெஞ்சுல சந்தேகம் வந்துரும். மேல இருக்கவன் மேல சந்தேகத்தோட எறங்கவே கூடாது."

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. நோயாளியின் ரகசியம் நோயாளிக்குச் சொந்தம். சரி. நாளைக்கு அவர் மறுபடி கயிறு பிடிக்கப் போனால், கீழே இருப்பவனின் உயிர் யாருக்குச் சொந்தம்?

"நான் சொல்ல மாட்டேன்," என்றேன். "ஒங்க சீக்கு, ஒங்க வாய். ஆனா நீங்க சொல்லுத வரைக்கும் இந்தக் கட்டில விட்டு எறக்க மாட்டேன். எறங்கி ஓடுனீயன்னா நான் வந்து வள்ளத்துல உக்காந்துக்கிடுவேன். எனக்கு நீச்சல் தெரியாது. என்னையும் நீங்கதான் காப்பாத்தணும்."

சிரித்துவிட்டார். ஒருவேளை அவர் சொல்லவே மறுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த முடிவை எடுக்கிற அவசியம் எனக்கு வரவில்லை என்பதற்காக மாதாவுக்கும் முருகனுக்கும் சேர்த்தே நன்றி சொல்லிக்கொண்டேன்.

மரியான் மாத்திரை அட்டையோடு திரும்பி வந்தான். சூசை பேச வாயெடுத்ததுமே துடிப்பு ஏறி மானிட்டர் கத்தியது. நர்ஸ் ஓடி வந்தாள். ஒன்றுமில்லை, வீட்டு விஷயம் என்று அனுப்பிவைத்தேன். சூசை எல்லாவற்றையும் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு, அழுதுகொண்டே. மரியான் அசையாமல் கேட்டான். கோபப்படப் போகிறான் என்று நான் தயாராக நின்றேன்.

"மச்சான்," என்றான். "நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சப்பம், மொதல்ல கயித்த இழுத்தியளா, நெஞ்சப் புடிச்சியளா?"

"கயித்தத்தான்."

"பெறவென்னத்துக்கு அழுவுதிய?"

இதற்குமேல் அந்த அறையில் நான் எதற்கு என்று தோன்றியது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இதே மருந்துக் குடும்பத்தில் கை குளிர்வதைக் குறைவாகத் தருகிற வேறு மருந்து இருக்கிறது, அதற்கு மாற்றுகிறேன் என்றேன். மதுரைக்கு அனுப்பி, குழாய் விட்டுக் கோளாறான இடத்தைச் சுட்டுச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கப் போகிறோம். எதுவானாலும் துடிப்பு நிலைத்தது என்று நான் சொல்கிறவரைக்கும் சூசை கயிறு பிடிக்கக்கூடாது.

"அப்பம் நானும் எறங்கல," என்றான் மரியான். "வேற ஆள் கைய நம்பி நான் தண்ணிக்குள்ள போவ மாட்டேன்."

சங்கு கிடைப்பது கடல் தெளிந்திருக்கிற அந்தச் சில மாதங்களில்தான். அதைக் கரையில் உட்கார்ந்து கழித்தால் இரண்டு வீட்டு அடுப்பும் என்னாவது? சூசை என்னைப் பார்த்தார். பார்த்தீர்களா, இதற்குத்தான் சொல்ல வேண்டாம் என்றேன், என்று அந்தப் பார்வை சொன்னது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து செல்வமேரி வந்தாள். புது லுங்கி கையில் இருந்தது. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. அழுகை நின்றிருந்தது.

"நான் பிடிக்கேன்," என்றாள்.

ஆண்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள்.

"என்னத்தளா?" என்றான் மரியான்.

"கயித்த. அண்ணன் ஏன் பிடிக்காவ? நான் தாலியறுக்கக் கூடாதுன்னுதான? அண்ணனுக்கே அம்புட்டு அக்கற இருந்தா, தாலிய கழுத்துல போட்டிருக்க எனக்கு இருக்காதா?"

"பொம்பள வள்ளத்துல ஏறுனா ஊரு என்ன சொல்லும்?" என்றான் மரியான்.

"ஊரா வந்து கயிறு பிடிக்கப் போவுது?"

டூட்டி டாக்டர் ஈசிஜித் தாளை மடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. லுங்கியைக் கட்டிலில் போட்டுவிட்டு, நர்ஸ் தந்த புது மாத்திரையை வாங்கி அண்ணன் வாயில் வைத்து, "நாக்கத் தூக்கிக் காட்டும்," என்றாள். சூசை காட்டினார். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் காட்டினார்.

கோபத்தில் சொன்ன வார்த்தை, ஊருக்குப் போனதும் ஆறிவிடும் என்றுதான் நினைத்தேன். சூசை புது மாத்திரையோடு வீட்டுக்குப் போனார். மதுரையில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதற்கிடையில் ஒரு நாள் அண்ணனுக்கு மாத்திரை வாங்க செல்வமேரி தனியாக வந்தாள். சீட்டை நீட்டிய கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் உடைந்து காய்த்துப் போயிருந்தது. கருவாடு காயப்போடுகிற கைக்கு அப்படி ஆகாது.

"ஏளா, நெசமாவே ஏறிட்டியா?"

"பின்ன? மொத நாளு நாலு பேரு பேசுனாவ. மறுநா ரெண்டு பேரு. இப்ப எல்லாரும் அவுகவுக சோலியப் பாக்காவ. அண்ணந்தான் கரையிலயே நிக்காவ, நாங்க வார வரைக்கும். வீட்டுக்குப் போவும்னா கேக்க மாட்டுக்காவ." பிறகு குரலைத் தாழ்த்தினாள். இந்தக் குரல் அவளுக்கு உண்டு என்றே எனக்கு அதுவரை தெரியாது. "டாக்டரம்மா, எனக்கும் நெஞ்சு படபடங்கு. அண்ணனுக்குள்ள மாத்திரைல பாதிய ஒடச்சிப் போட்டுக்கிடட்டா?"

இப்படி எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? கேட்காமலே போட்டுக்கொண்டவர்கள் அதைவிட அதிகம். ஒருவர் மாத்திரை இன்னொருவருக்கு ஆகாது என்று கத்துவதற்கு முன், அவளை உட்கார வைத்து நாடி பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், ரத்தத்துக்கு அனுப்பினேன், ஈசிஜி எடுத்தேன். அண்ணனுக்கு இருப்பது தங்கைக்கும் இருக்கலாம். பயம் என்றோ பாசம் என்றோ முடிவு கட்டுவதற்கு முன் ஈசிஜி எடுத்துவிடுங்கள். அதுவும் பெண்கள் வந்து சொன்னால் கட்டாயம் எடுங்கள். எல்லாம் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கேட்டேன்.

"எப்பளா படபடங்கு?"

"அவிய தண்ணிக்குள்ள எறங்குனதும்."

"எப்ப நிக்கும்?"

"தல தண்ணிக்கு மேல வந்ததும்."

"இங்க பாரு. ஒங்க அண்ணனுக்குத் துடிப்பு காரணமில்லாம ஓடுச்சு, அதுக்கு மாத்திர குடுத்தேன். ஒனக்குக் காரணம் தண்ணிக்குள்ள இருக்கு. அத அடக்க நான் மாத்திர தர மாட்டேன்."

செல்வமேரி உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள்.

"செரி, அப்பம் அது அடிச்சிக்கிட்டே கெடக்கட்டும்," என்றாள். அண்ணனின் மாத்திரையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, வள்ளத்துக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள்.